தூங்க வைக்காத புத்தகம், பொய் சொல்லாத படம்

கேள்வி: கும்பகோணத்தில் ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை செய்கிறேன். வயது 52. 'பொன்னியின் செல்வன்' படம் வந்தபோது நாவலை மூன்றாம் முறையாகப் படித்து முடித்தேன். இனி உண்மையான வரலாற்றையே படிப்போம் என்று, புத்தகக் காட்சியில் சோழர்களைப் பற்றிய கனத்த நூல் ஒன்றை 900 ரூபாய் கொடுத்து வாங்கினேன். நாற்பது பக்கம் தாண்டவில்லை. தினமும் இரவில் அது என்னைத் தூங்க வைத்துவிடுகிறது. என் கணவரோ கைபேசியில் வரலாற்றுக் காணொளிகளாகப் பார்த்துத் தள்ளுகிறார். அவற்றில் பாதி பொய் என்று தோன்றுகிறது. எந்தப் பாதி என்றுதான் தெரியவில்லை. பதினோராம் வகுப்புப் படிக்கும் மகள் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரிக்கிறாள். ஆங்கிலம் படிப்பேன், மெதுவாக. தூங்க வைக்காத புத்தகம், பொய் சொல்லாத படம் சிலவற்றைச் சொல்வீர்களா? எனக்கு வரலாறு பிடிக்கும் என்று நினைத்ததே தவறுதானோ?

பதில்: அன்புள்ள அம்மா,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தவறில்லை. ஐந்து பாகத்தை மூன்று முறை படித்தவருக்கு வரலாறு பிடிக்காமல் போக வழியில்லை. வாங்கிய புத்தகத்தின் மீதும் குற்றமில்லை. நீங்கள் வங்கியில் இருப்பவர். பேரேட்டை யாராவது முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிப்பார்களா? ஏதோ ஒரு கணக்கில் சந்தேகம் வந்தால் அந்தப் பக்கத்தைத் தேடிப் புரட்டுவீர்கள். அப்போது தூக்கம் வராது. நீங்கள் வாங்கியதும் ஒரு பேரேடுதான். மன்னர், ஆட்சியாண்டு, போர், தானம் என்று எல்லாவற்றையும் பதிந்து வைத்திருக்கிறது. அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். இரண்டு பத்தி கழித்து அதை எடுக்கச் சொல்லப் போகிறேன்.

பொது நூலகங்களில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இரவல் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து உங்கள் கேள்வியைப் பல குரல்களில் கேட்டிருக்கிறேன். தொடக்கத்தில், கேட்டவரிடம் எந்தக் காலம் வேண்டும், எந்த அரச மரபு வேண்டும் என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலோர் விழிப்பார்கள். பிற்பாடு கேள்வியை மாற்றிக்கொண்டேன்: கடைசியாகப் படித்ததில் எது உங்களை அரித்துக்கொண்டே இருந்தது? அதற்கு மட்டும் எல்லோரிடமும் பதில் இருந்தது.

உங்களுக்கு எது என்று நானே சொல்லிவிடுகிறேன். இராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? நாவல் அதைப் புகைமூட்டமாகவே விட்டுவிடுகிறது. இப்போது ஒரு கல்லைப் பார்ப்போம். வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கன்று குதிரையில் வந்தானே, அந்த வீராணம் ஏரிக்குப் பக்கத்தில்தான் காட்டுமன்னார்கோயில். அங்கே உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் எனப் பெயர் சொல்லி, அவர்களுடைய உடைமைகளையும் உறவினர் உடைமைகளையும் பற்றி அரசன் அனுப்பிய ஆணையை அது பேசுகிறது. ரவிதாசன் கற்பனைப் பாத்திரம் என்றுதானே நினைத்தீர்கள்? கல்லில் இருக்கிறான்.

அரிப்பு இங்கேதான் கூடுகிறது. இராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985-ல். கொலைக்கும் அந்த ஆணைக்கும் நடுவில் உத்தம சோழன் ஆட்சி முழுவதும் கழிந்துவிட்டது. அத்தனை ஆண்டுகள் ஏன் ஒன்றும் நடக்கவில்லை? கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி உத்தமன் மீது சந்தேகப்பட்டார். தி.வை. சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. பின்னால் வந்த குடவாயில் பாலசுப்ரமணியன் அந்தக் கல்வெட்டையே திரும்பப் படித்துப் பார்க்க வேண்டும் என்றார். ஒரு கல், மூன்று அறிஞர்கள். இப்போது அந்த 900 ரூபாய் நூலை எடுங்கள். முதல் பக்கத்தைத் திறக்காதீர்கள். கடைசியில் இருக்கும் சொல்லடைவில் 'ஆதித்தன்', 'உத்தமன்' என்று தேடி அந்தப் பக்கங்களை மட்டும் படியுங்கள். பிறகு பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திரம்' நூலில் அதே இடத்தைப் படியுங்கள். அவர் உங்கள் ஊர்ப் பக்கத்துத் திருப்புறம்பியத்தில் பிறந்தவர். கும்பகோணம் பாணாதுறைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர். தமிழிலேயே யோசித்துத் தமிழிலேயே எழுதியவர் என்பதால் வாக்கியங்கள் முட்டாது. இருவரில் யார் சொல்வது சரி என்று நீங்களே தீர்ப்புச் சொல்லத் தொடங்கிவிடுவீர்கள். அன்று இரவு தூக்கம் கொஞ்சம் தள்ளிப்போகும்.

அரித்த கேள்வி உங்களை ஒரு நூலுக்குள் கொண்டுபோய்விடும். நல்ல நூலை மற்றதிலிருந்து பிரித்தறிய இன்னொரு கேள்வி இருக்கிறது: 'இது இவருக்கு எப்படித் தெரியும்?' எழுதுகிறவர் அதை மறைக்காமல், தான் தேடிய வழியையும் சேர்த்துக் காட்டினால், அந்த நூல் துப்பறியும் கதையைவிட நன்றாக ஓடும். மறைத்துவிட்டுத் தீர்ப்பை மட்டும் சொன்னால் அது பாடப்புத்தகம். தீர்ப்பை உரக்கச் சொன்னால் அது உங்கள் கணவரின் கைபேசி.

இதற்கு நான் எப்போதும் முதலில் எடுத்துக் கொடுப்பது ராய் மாக்ஸாம் எழுதிய 'உப்பு வேலி'. சிறில் அலெக்ஸ் தமிழில் மொழிபெயர்த்திருக்கிறார். மாக்ஸாம் பேராசிரியர் இல்லை. லண்டனில் நூலகம் ஒன்றில் பழைய நூல்களைச் செப்பனிட்டுப் பாதுகாக்கும் வேலையில் இருந்தவர். (என் இனம் என்பதால் கொஞ்சம் பாசம் அதிகம்.) 1995-ல் பழைய புத்தகக் கடையில், இந்தியாவில் இருந்த ஓர் ஆங்கிலேய அதிகாரியின் நினைவுக் குறிப்பை வாங்குகிறார். அதில் போகிற போக்கில் ஒரு செய்தி: உப்பு வரியைத் தப்பவிடாமல் இருக்க, சிந்து நதியிலிருந்து மகாநதி வரை 2,300 மைலுக்கு ஒரு சுங்கக் கோடு, அதில் பெரும்பகுதி முள்வேலி, காவலுக்கு ஏறத்தாழ 12,000 பேர். சீனப் பெருஞ்சுவரைச் சொல்லிக்கொண்டிருக்கிற உலகத்தில் இந்த வேலியைப் பற்றி யாருமே பேசவில்லையே என்று அவருக்குத் திகைப்பு. நண்பர்களைக் கேட்கிறார், தெரியவில்லை. நூல்களில் தேடுகிறார், ஏறத்தாழ இல்லை. கடைசியில் பழைய நிலப்படங்களையும் திசைகாட்டும் கருவியையும் எடுத்துக்கொண்டு வட இந்தியாவுக்குப் புறப்பட்டு வந்துவிடுகிறார்.

கருவேலம், இலந்தை, களா, சப்பாத்திக்கள்ளி என்று மண்ணுக்கு ஏற்றபடி முள்செடி பார்த்து வளர்த்திருக்கிறார்கள். அந்த வேலியைப் பலப்படுத்தியவர்களில் ஒருவர் ஏ.ஓ. ஹியூம். 1885-ல் காங்கிரஸைத் தொடங்கிவைத்தாரே, அவரேதான். 1879-ல் வேலியைக் கைவிட்டார்கள். உப்பு வாங்க முடியாத ஏழையின் உடம்பு என்ன ஆகும், பஞ்சத்தில் அது எப்படிக் கொல்லும் என்பதெல்லாம் தேடலோடு தேடலாக வந்துவிழுகிறது. அவர் அந்த வேலியைக் கண்டுபிடித்தாரா என்று நான் சொல்லமாட்டேன். ரகசியத்தை அவிழ்த்துவிட்டால் வாசகர்கள் புத்தகத்தை எடுக்காமலேயே போய்விடுவார்கள் என்பது அனுபவம்.

இந்த வகையில் தமிழிலேயே எழுதப்பட்டது ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை'. கட்டுரைத் தொகுப்பு. காப்பி எப்படி நம் வீட்டுக்குள் நுழைந்தது, யார் அதைக் கண்டு பதறினார்கள், காப்பி கிளப்பில் சாதி எங்கே உட்கார்ந்தது என்று அந்தக் காலப் பத்திரிகை, விளம்பரம், கதை, துணுக்கு எல்லாவற்றையும் கிளறிக் காட்டுவார். டிகிரி காப்பிக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு நீங்கள் இதைப் படிக்காமல் இருக்கக் கூடாது. தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்' இன்னும் சின்னச் சின்னக் கட்டுரைகள். வங்கியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒன்று முடித்துவிடலாம். அவர் பல இடங்களில் அடிக்குறிப்பு வைக்காமல் வேகமாகத் தாண்டிப் போவார் என்பது என் சிறிய புகார். ஆனால் உப்பு, எண்ணெய், உரல் என்று வீட்டிலுள்ள பொருளையே சான்றாக எடுத்து வைப்பவர் வேறு யார்?

இனி, உங்களுக்கென்றே இருக்கிற நூல். உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. பெயரைக் கேட்டதும் பள்ளிக்கூட நினைவு வந்து முகம் சுளிக்காதீர்கள். இது 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. வாரம் தவறாமல் வாசகரைப் பிடித்து வைக்க எழுதப்பட்டது. 1942-ல் அவர் மறைந்ததால் முடியாமல் நின்றது. எழுநூறு, எண்ணூறு பக்கம் இருக்கிறதே என்று அஞ்ச வேண்டாம். நடுவில் தொடங்குங்கள். 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை. உங்கள் கும்பகோணம். கல்லூரியில் புதிதாகத் தமிழாசிரியராகச் சேர்ந்திருக்கும் 25 வயது இளைஞர், ஊருக்கு முன்சீபாக, அதாவது நீதிபதியாக, வந்திருக்கும் சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, தலபுராணம் என்று இவர் அடுக்குகிறார். முதலியார் முகத்தில் அசைவே இல்லை. இவற்றால் என்ன பயன் என்கிற தொனியில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்கிறார். அப்போது சிலப்பதிகாரம் இன்னும் முழுமையாக அச்சுக்கு வராத காலம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வருடக்கணக்கில் பாடம் கேட்ட மாணவர் அவற்றைப் படித்ததில்லை.

அந்தக் காட்சியில் உ.வே.சா. தன் அவமானத்தை மறைக்கவில்லை. சிந்தாமணியை எடுத்துவந்து படித்தால் புரியவில்லை. சமண நூல், சைவக் கல்வி உதவவில்லை. கும்பகோணத்திலேயே சமணர் வீடு தேடிப் போகிறார். அங்கே அதை இன்றும் வீட்டில் வைத்துப் படித்துக் கேட்டுவருகிறார்கள் என்பதைக் கண்டு வியக்கிறார். ஏழு ஆண்டு உழைத்து 1887-ல் பதிப்பிக்கிறார். ஒரு நூலை அச்சிடுவது எப்படி இவ்வளவு பரபரப்பாக இருக்க முடியும் என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். சங்க இலக்கியம் நமக்குக் கிடைத்தது 'எப்படித் தெரியும்?' என்ற கேள்விக்கு, ஓலையும் கறையானும் ரயில் பயணமும் சந்தாக் கையொப்பமுமாக ஒரு முழுப் பதில் இது. படித்து முடித்த வாரம் கும்பகோணத்துத் தெருக்களில் நடந்து பாருங்கள். ஊர் வேறாகத் தெரியும்.

நாவல் வழியாகவே நுழைவது உங்களுக்குப் பழக்கம் என்பதால் இன்னொரு வழியும் சொல்கிறேன். பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' இரண்டையும் படியுங்கள். பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரி. பிறகு அவர் எதிலிருந்து எடுத்தாரோ அந்த ஊற்றுக்கே போங்கள்: ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும், இருந்தவர். 1736-ல் எழுதத் தொடங்கி, 1761 ஜனவரியில் சாகும்வரை எழுதினார். அவர் கண்மூடிய நான்காம் நாள் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. கப்பல் வந்தது, துணி விலை, ஆளுநர் மனைவியின் தொல்லை, யார் யாருக்கு எவ்வளவு நஜர் (காணிக்கை) கொடுத்தார்கள், கனவு, ஜாதகம் எல்லாம் இருக்கிறது. பேச்சுத் தமிழ் அப்படியே காகிதத்தில் ஏறியிருக்கும். முற்றுப்புள்ளி தேடி மூச்சு வாங்க வேண்டியிருக்கும். முழுத் தொகுதிகளுக்கும் ஆசைப்படாதீர்கள். ஒரு தொகுதியை எடுத்து, கைக்கு வந்த நாளைத் திறந்து படியுங்கள். நாவலாசிரியர் எதைக் கூட்டினார், எதைக் குறைத்தார் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதில் ஒரு சுவை உண்டு.

விடுதலைக் காலத்துக்கு எல்லோரும் 'நள்ளிரவில் சுதந்திரம்' நூலைச் சொல்வார்கள். லாரி காலின்ஸும் டொமினிக் லாப்பியரும் எழுதியது. கையில் எடுத்தால் வைக்க முடியாது, அதில் ஐயமில்லை. ஆனால் 'எப்படித் தெரியும்?' என்று கேட்டுப் பாருங்கள். கடைசி வைஸ்ராய் மவுண்ட்பேட்டனிடம் நீண்ட பேட்டிகள் எடுத்துத்தான் அதை எழுதினார்கள். அதனால் கதையில் மவுண்ட்பேட்டன் எங்கே நின்றாலும் வெளிச்சம் அவர் மேலேயே விழுகிறது. தெரிந்துகொண்டு படித்தால் கெடுதல் இல்லை. கூடவே ராமச்சந்திர குஹாவின் 'இந்திய வரலாறு: காந்திக்குப் பிறகு' நூலில், சமஸ்தானங்களை இணைத்த அத்தியாயத்தையும் முதல் பொதுத்தேர்தல் அத்தியாயத்தையும் மட்டுமாவது படியுங்கள். எழுத்தறியாத கோடிக்கணக்கானவர்களுக்குச் சின்னம் போட்ட பெட்டி வைத்து வாக்கெடுத்த கதை, வங்கி நிர்வாகம் தெரிந்தவருக்கு இன்னும் ரசிக்கும்.

'சேப்பியன்ஸ்' பற்றியும் யாராவது சொல்லியிருப்பார்கள். எழுபதாயிரம் ஆண்டு மனித வரலாற்றை ஒரே மூச்சில் தாண்டுகிற நூல். பசியைக் கிளப்பும், சாப்பாடு அதுவல்ல. ஆங்கிலத்தில் மெதுவாகப் படிப்பேன் என்கிறீர்கள். அதற்குச் சிறிய நூல் வேண்டும். ஜான் கே எழுதிய 'தி கிரேட் ஆர்க்' சரியாக இருக்கும். இந்தியாவைத் தெற்கிலிருந்து இமயம் வரை அளந்த கதை. 1802-ல் சென்னையில் பரங்கிமலைக்குப் பக்கத்தில் அளக்கத் தொடங்குகிறார் லாம்ப்டன் என்கிற வெள்ளைக்காரர். அவருடைய கோணமானி அரை டன் எடை. 1808-ல் அதைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கிவிட்டது. மனிதர் கூடாரத்துக்குள் அடைந்துகொண்டு ஆறு வாரம் தட்டித் தட்டி நிமிர்த்தினார். அந்த விமானத்தை நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கயிறுதான் நினைவுக்கு வருகிறது.

படங்களுக்கு வருகிறேன். இதில் நான் கொஞ்சம் கடுமையான ஆள். புத்தகத்தில் சந்தேகம் வந்தால் நிறுத்தி, பக்கத்தைத் திருப்பிப் பார்க்கலாம். படம் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். கேள்வி கேட்க நேரம் தராது. 1916 ஆகஸ்ட்டில், சோம் போர் பிரான்சில் நடந்துகொண்டிருக்கும்போதே, அதைப் பற்றிய படம் லண்டனில் திரையிடப்பட்டது. பதுங்குகுழியிலிருந்து வீரர்கள் ஏறி ஓடுகிறார்கள். இருவர் சரிந்து விழுகிறார்கள். முதல் உலகப் போர் என்றாலே இன்றுவரை எல்லா ஆவணப்படங்களிலும் வந்துபோகும் காட்சி அது. போர்முனைக்குப் பின்னால், ஒரு பயிற்சிப் பள்ளியில் நடித்துக் காட்டி எடுத்தது என்பது ஆய்வாளர்கள் கருத்து. குண்டு மழையில் கேமராக்காரர் அவ்வளவு நிதானமாக வெட்டவெளியில் எப்படி நின்றார் என்று ஒரு கணம் யோசித்தால் போதும். 1922-ல் வந்த 'நானூக் ஆஃப் தி நார்த்' ஆவணப்படங்களின் முன்னோடி என்பார்கள். அதில் வரும் வடதுருவப் பக்கத்து இனூயிட் மக்கள் அப்போதே துப்பாக்கி வைத்து வேட்டையாடினார்கள். படத்துக்காகப் பழைய ஈட்டியைக் கையில் கொடுத்தார்கள். பனி வீட்டுக்குள் வெளிச்சம் போதவில்லை என்று பாதி வீட்டைத் திறந்துவைத்துப் படம் பிடித்தார்கள்.

இசையும் ஏமாற்றும். 1990-ல் கென் பர்ன்ஸ் எடுத்த அமெரிக்க உள்நாட்டுப் போர்த் தொடர் பதினொரு மணி நேரத்துக்கும் மேல் ஓடும். அக்காலத்தில் போரைச் சலனப்படமாக எடுக்க வழியில்லை. அசையாத புகைப்படங்களின் மேல் கேமராவை மெல்ல நகர்த்தியே கதை சொல்லிவிட்டார். போருக்குப் போகும் சல்லிவன் பல்லு என்ற அதிகாரி 1861-ல் மனைவிக்கு எழுதிய கடிதம் முதல் பகுதியின் முடிவில் வாசிக்கப்படும்போது, பின்னால் ஒரு வயலின். அந்தப் போர்க்காலத்து நாட்டுப்பாடல் என்றே கேட்டவர் எல்லோரும் நினைத்தார்கள். அது 1982-ல் இயற்றப்பட்ட மெட்டு! தொடரைப் பார்க்காதீர்கள் என்று சொல்லவில்லை. அவசியம் பாருங்கள். கண் கலங்கும்போது, கலங்க வைத்தது கடிதமா வயலினா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் முழு மனதோடு கொடுக்கும் தொடர் 'தி வேர்ல்டு அட் வார்'. பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் 1973-74-ல் வந்தது, 26 பகுதிகள். போர் முடிந்து முப்பது ஆண்டுகூட ஆகாததால் சம்பந்தப்பட்டவர்களே உயிரோடு இருந்தார்கள். ஹிட்லரின் செயலாளராக இருந்த பெண், அமைச்சராக இருந்த ஆல்பர்ட் ஸ்பீர், கடற்படைத் தளபதி டோனிட்ஸ் எல்லோரும் நேரே உட்கார்ந்து பேசுகிறார்கள். யார் மழுப்புகிறார்கள் என்று முகத்தைப் பார்த்தே நீங்கள் முடிவு செய்யலாம். கடன் கேட்டு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிற உங்களுக்கு அது கைவந்த கலை. கிளாட் லான்ஸ்மானின் 'ஷோவா' இன்னும் ஒரு படி மேலே போகிறது. யூதப் படுகொலை பற்றி ஒன்பது மணி நேரத்துக்கும் மேலான படம். ஒரு பழைய படத்துண்டுகூட அதில் கிடையாது. தப்பியவர்கள், பார்த்தவர்கள், செய்தவர்கள், அந்த இடம், அவ்வளவுதான். இதைக் குடும்பத்தோடு சாப்பிட்டுக்கொண்டு பார்க்க முடியாது. தனியாக, பகலில், பகுதி பகுதியாகப் பாருங்கள்.

இந்தியாவுக்கு, தூர்தர்ஷனில் 1988-ல் வந்த ஷியாம் பெனகலின் 'பாரத் ஏக் கோஜ்'. நேரு சிறையிலிருந்து எழுதிய 'கண்டுணர்ந்த இந்தியா'வை 53 பகுதிகளாக்கியது. சிலப்பதிகாரத்துக்கும் சோழர்களுக்கும்கூட இடம் உண்டு. நடித்துக் காட்டுவது என்பதால் இதை ஆவணப்படம் என்பதைவிட நாடகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அலங்காரம் பழசாகிவிட்டது, யோசனை பழசாகவில்லை. மைக்கேல் வுட்டின் 'தி ஸ்டோரி ஆஃப் இந்தியா' ஆறே பகுதிகள்; நான்காவதில் தஞ்சாவூர் வரும். நடந்துபோய், தொட்டுப் பார்த்து, ஊர்க்காரர்களிடம் கேட்டுச் சொல்கிற மனிதர். சில இடங்களில் வியப்பு அளவுக்கு மிஞ்சிவிடும்; மன்னித்துவிடலாம்.

தமிழர் ஒருவர் செய்த காரியத்தை விட்டுவிட மனம் வரவில்லை. 1937 அக்டோபர் 2. நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில் ஏ.கே. செட்டியார் என்ற இளைஞருக்கு, காந்தியைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தால் என்ன என்று தோன்றுகிறது. காந்தியைப் படம் பிடித்த நூற்றுக்கணக்கான பேர் உலகெங்கும் சிதறிக் கிடந்தார்கள். போர் மூளப்போகிற நேரத்தில் நாடு நாடாகச் சுற்றி, 50,000 அடி படச்சுருளைச் சேகரித்து, 1940-ல் தமிழில் வெளியிட்டுவிட்டார். அந்தத் தேடலை அவரே எழுதியது 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்று புத்தகமாகக் கிடைக்கிறது. படம் பார்ப்பதைவிட, ஒரு படத்துண்டு எங்கிருந்து வருகிறது என்று இதில் படிப்பது உங்களுக்கு அதிகம் பயன்படும். பெருமையடித்துக்கொள்ளத் தெரியாத உரைநடை. சின்னச் சின்ன வாக்கியம்.

உங்கள் கணவரோடு சண்டை வேண்டாம். காணொளியை நிறுத்தி அதே கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள்: கல்வெட்டா, செப்பேடா, எந்த ஊர், எந்தக் கோயில், யார் படித்தது? பெரும்பாலான காணொளிகள் இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ளும். உதாரணத்துக்கு, பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று ஒன்று நிச்சயம் அவர் கைபேசிக்கு வந்திருக்கும். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்குப் பஸ் டிக்கெட் எடுத்தால் தீர்ந்துபோகும் சந்தேகம் அது. ஒரு ஞாயிறு மாலை நான்கு மணிக்குப் போய் நில்லுங்கள். நிழலில் உட்கார்ந்து வேர்க்கடலை சாப்பிடலாம்.

போனால் விமானத்தின் அடிப்புறக் கல்வெட்டைக் காட்டிவிட்டு வாருங்கள். 'நாம் கொடுத்தனவும், நம் அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும், மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும்' கல்லிலே வெட்டுக என்று இராஜராஜன் சொன்னது அங்கே இருக்கிறது. அக்கன் என்பது குந்தவை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோயிலுக்குக் கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்களின் (கோயில் ஆடல் மகளிரின்) பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, ஆளுக்கு எவ்வளவு நெல் என்று முழுப் பட்டியலே வெட்டியிருக்கிறார்கள். நிழல் விழாத மாயத்தைவிட, ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு பெண்ணின் வீட்டு முகவரி எனக்குப் பெரிய அதிசயமாகப் படுகிறது.

மகளுக்கு நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. பதினோராம் வகுப்பில் இருக்கிற பிள்ளைக்கு யாராவது ஒரு புத்தகத்தைப் பரிந்துரைத்தால் அது அன்றோடு பாடம் ஆகிவிடும். 'உப்பு வேலி'யைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போங்கள்.

இனி வாங்குவதற்கு முன் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். புத்தகக் காட்சியில் நடுப்பக்கத்தைத் திறந்து ஒரு பக்கம் முழுவதும் நின்று படியுங்கள். மொழிபெயர்ப்பு என்றால் இரண்டு பக்கம். பிறகு பின்னால் திருப்பிச் சொல்லடைவும் குறிப்புகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். படிக்க வேண்டியதில்லை, இருந்தால் போதும். 900 ரூபாய்க்கு முன்னால் நூலகத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். நான் சொன்ன தமிழ் நூல்களில் பாதிக்கு மேல் பொது நூலகங்களில் இருக்கும். இல்லாததை நூலகரிடம் எழுதிக் கொடுத்தால் அடுத்த கொள்முதலில் கேட்டுப் பார்ப்பார். 'என் சரித்திரம்', பண்டாரத்தாரின் நூல்கள் போன்ற பழையவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் காசில்லாமலே படிக்கலாம்.

எதில் தொடங்குவது என்று கேட்டால், இந்த வாரம் அந்த 1880 வியாழக்கிழமை அத்தியாயம் மட்டும். ஐம்பது பக்கத்துக்குள் பிடிக்கவில்லையென்றால் மூடிவிட்டு வேலிக்குப் போங்கள். பாதியில் திருப்பிக் கொடுக்கிறவர்களுக்கு எந்த நூலகத்திலும் அபராதம் கிடையாது.